எறிகத்தி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கத்தி எறிதலில் கொஞ்ச நாள் ஓடியதும் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "புதுசா ஒரு செட் வாங்கணும், எது நல்லது?" இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் எப்படி எறிகிறீர்கள், எந்த விதிமுறையில் போட்டியிடப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் கத்தியின் பெயரைச் சொல்பவர் பெரும்பாலும் தன்னிடம் இருப்பதைத்தான் சொல்வார். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் வளர்ந்த விளையாட்டு என்பதால் விதிகளும் அளவுகளும் அங்கிருந்தே வருகின்றன.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

எறியும் முறையை. கத்தியை முழுச் சுற்றாகவோ அரைச் சுற்றாகவோ சுழலவிட்டு எறிவது ஒரு வகை. சுழலவிடாமல், அல்லது கால் சுற்றுக்குள் அடக்கி, முனை முன்னால் போகும்படி விடுவது இன்னொரு வகை. இதை நோ-ஸ்பின் என்கிறார்கள். இரண்டுக்கும் கைக்குள் நடக்கும் வேலையே வேறு. சுழற்சி எறிதலில் கத்தி கையிலிருந்து சுத்தமாகக் கழன்று வர வேண்டும், விரல் எதுவும் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. நோ-ஸ்பின்னில் ஆள்காட்டி விரல் கத்தியின் முதுகில் கடைசிவரை வழுக்கிக்கொண்டே வந்து சுழற்சியை அடக்குகிறது. முதல் வகைக்கு அருமையாக இருக்கும் கத்தி இரண்டாவதற்கு உதவாமல் போவது இதனால்தான்.

அடுத்து, போட்டி. நிலையான தூரத்தில் துல்லியமாக எறிவதா, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் போட்டியா, நீண்ட தூரப் போட்டியா என்று பார்த்து, அந்தப் போட்டியை நடத்தும் அமைப்பின் விதிப்புத்தகத்தைத் திறந்து உபகரணப் பகுதியை முதலில் படியுங்கள். அரைப் பக்கம்கூட இருக்காது. ஆனால் அதைப் படிக்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம்.

நீளத்துக்கு விதி என்ன சொல்கிறது?

ஐரோப்பிய அமைப்பான யூரோத்ரோவர்ஸ் விதிப்படி கத்தி குறைந்தது 23 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அகலம் 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அகலத்துக்கு ஏன் கட்டுப்பாடு என்று சிலர் கேட்கிறார்கள். இலக்கின் நடு வட்டம் 10 செ.மீ. விட்டம்தான், அதைச் சுற்றி 20, 30, 40, 50 செ.மீ. வட்டங்கள், உள்ளே 20 புள்ளி, வெளியே வர வர 16, 12, 8, 4. அலகு அகன்றிருந்தால் உள் வட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வாய்ப்பு கூடும். வரம்பே இல்லையென்றால் ஆளுக்கொரு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினை மையமாகக் கொண்ட இன்டர்நேஷனல் நைஃப் த்ரோவர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம், பழைய அமைப்பான அமெரிக்கன் நைஃப் த்ரோவர்ஸ் அலையன்ஸ், கோடரி எறிதல் லீகோடு சேர்ந்து வந்த வேர்ல்ட் நைஃப் த்ரோயிங் லீக் என்று பல கூடாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விதிப்புத்தகம். எங்கே போவோம் என்று இன்னும் தெரியவில்லையா? 12 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான, அதாவது 31 செ.மீ. அளவுள்ள, 5 செ.மீ.க்குள் அகலமான கத்தியை வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் நீளத்தைக் காட்டி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் கில் ஹிப்பன் பெயரில் வரும் மூன்று கத்தி செட் உலகம் முழுக்க விற்கிறது. அதன் பெரிய வகை 12 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், போட்டிக்குச் சரி. சின்ன வகை எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 22 செ.மீ. பார்க்க இரண்டும் ஒரே வடிவம், விலை மட்டும் குறைவு என்று சின்னதை வாங்கினால் ஐரோப்பியப் போட்டியில் ஒரு செ.மீ. குறைகிறது என்று வெளியே நிற்க வேண்டியதுதான்.

நீளம் கூடினால் எறிதலில் என்ன மாறும்?

நீளமான கத்தி மெதுவாகச் சுழலும். அதனால் ஒரு சுற்று முடிக்க அதிக தூரம் எடுத்துக்கொள்ளும், உங்கள் கையில் வரும் சின்னச் சின்னப் பிசகுகளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 18 செ.மீ. கத்தி படபடவென்று சுழலும். விடும் நேரத்தில் ஒரு மயிரிழை தவறினாலும் மரத்தைத் தொடும்போது முனை எங்கோ இருக்கும். புதியவர்கள் "சின்னக் கத்தி சுலபம்" என்று நினைப்பது நேர் தலைகீழ்.

ஆனால் அதற்காக 40 செ.மீ.க்குப் போகாதீர்கள். நீளம் ஏற ஏற எடை ஏறும், மணிக்கட்டும் தோளும் சீக்கிரம் களைக்கும். நீண்ட தூரப் போட்டிக்கென்று தனியாக எறிபவர்கள்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

எடை எவ்வளவு?

அமெரிக்க எறிஞர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு அங்குல நீளத்துக்கு ஒரு அவுன்ஸ். அப்படிப் பார்த்தால் 12 அங்குலக் கத்தி 340 கிராம் வரும். இன்றைக்குப் பலருக்கு அது கொஞ்சம் கனம்தான். 30 செ.மீ. கத்திக்கு 230 முதல் 300 கிராம் வரை இருந்தால் ஒரு பிற்பகல் முழுக்க எறியலாம். 150 கிராமுக்குக் கீழே போனால் மரத்தில் இறங்கப் போதுமான உந்தம் இருக்காது. அதை ஈடுகட்ட நீங்கள் வேகத்தைக் கூட்டுவீர்கள், வேகம் கூடியதும் சீர் போய்விடும்.

கடைக்காரர் எடையைக் குறிப்பிடவில்லையென்றால் நீங்களே கணக்குப் போடலாம். எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் என்றால் செவ்வகமாக 45 கன செ.மீ.; முனையும் இடுப்பும் குறுகுவதற்காக முக்கால் பங்கு எடுத்துக்கொண்டால் 34. எடை 265 கிராம் அளவில் வரும். தடிமன் 3 மி.மீ. என்றிருந்தால் 160 கிராம்தான், யோசியுங்கள்.

பேலன்ஸ் எங்கே இருக்க வேண்டும்? முனைக் கனமா, கைப்பிடிக் கனமா, நடுவிலா?

"கனமான பக்கம் முன்னால் போக வேண்டும், அதனால் முனைக் கனமான கத்தியைக் கைப்பிடியில் பிடி, கைப்பிடிக் கனமானதை அலகில் பிடி" என்று காலம் காலமாகச் சொல்கிறார்கள். இதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் போனதும் கத்தி தன் எடைமையத்தைச் சுற்றித்தான் சுழலும், எந்தப் பக்கம் கனம் என்பதை மரம் பார்ப்பதில்லை. கைக்கும் எடைமையத்துக்கும் உள்ள இடைவெளிதான் விஷயம். அது மாறினால் கத்தி கழலும் விதம் மாறும், சுழற்சி வேகமும் மாறும்.

ஒரே பிடியில் மட்டும் எறிபவருக்குப் பேலன்ஸ் எங்கே இருந்தாலும் பழகிவிடும். இரண்டு பிடிகளிலும் எறிய வேண்டியவருக்குத்தான் நடு பேலன்ஸ் அவசியம். 30 செ.மீ. கத்தியை விரல்மேல் கிடத்திப் பாருங்கள், 15 செ.மீ. புள்ளியிலிருந்து ஒரு செ.மீ. இப்படி அப்படி நின்றால் அதை நடு பேலன்ஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தூரம் கூட்டிக்கொண்டே போகும் போட்டிக்கு எந்தக் கத்தி பொருந்தும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தேர்வில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

இந்தப் போட்டியில் அரைச் சுற்றுக்குக் குறைந்தது 2 மீட்டர், ஒரு சுற்றுக்கு 3, ஒன்றரைச் சுற்றுக்கு 4, இரண்டு சுற்றுக்கு 5 என்று பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் நிற்கலாம், முன்னால் வரக் கூடாது. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது.

ஒன்று, பிடி மாறிக்கொண்டே இருக்கும். அரை, ஒன்றரை, இரண்டரைச் சுற்றுக்கு அலகைப் பிடித்தால்தான் கடைசியில் முனை முன்னால் வரும். முழுச் சுற்றுகளுக்குக் கைப்பிடி. அதனால்தான் இந்தப் போட்டிக்காரர்கள் நடு பேலன்ஸ், இரண்டு பக்க விளிம்பும் மழுங்கல், அலகும் கைப்பிடியும் ஏறக்குறைய ஒரே அகலம் என்று கேட்கிறார்கள். பௌயி வடிவக் கத்தி (பெரிய அமெரிக்க வேட்டைக் கத்தி வடிவம்) பார்க்க அழகு, ஆனால் அலகுப் பக்கம் அகலமாகவும் கைப்பிடி ஒல்லியாகவும் இருந்தால் ஒவ்வொரு கோட்டிலும் கை புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கத்தியின் இயல்பான தூரம். உங்கள் கையில் ஒரு கத்தி 2.6 மீட்டரிலேயே ஒரு சுற்றை முடித்துவிடுகிறது என்று வையுங்கள். 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் நின்று எறிந்தால் அது அதிகமாகச் சுழன்று முனை கீழே தொங்கும். சரிசெய்ய மணிக்கட்டை இறுக்குவீர்கள், அல்லது பிடியை மேலே நகர்த்துவீர்கள், ஒவ்வொரு கோட்டிலும் இதே கதை. மாறாக 4 மீட்டர் எடுக்கும் கத்தி விதிக்கு உட்பட்டதுதான், ஆனால் மற்றவர்களைவிட ஒரு மீட்டர் பின்னால் நின்று அதே 10 செ.மீ. வட்டத்தைக் குறிபார்க்க வேண்டும். உங்கள் இயல்பான வீச்சில் ஒரு சுற்று 3 மீட்டரைச் சற்றே தாண்டி முடிகிற கத்திதான் இந்தப் போட்டிக்கு லட்சியக் கத்தி. 30 செ.மீ. சுற்றுவட்டாரத்தில் இருப்பவை பலருக்கு அங்கேதான் வந்து நிற்கின்றன. எறிஞர்கள் 30 செ.மீ.யை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

முடிந்தால் வாங்கும் முன் நண்பருடையதையோ கிளப்பில் இருப்பதையோ எறிந்து, முன்பாதம் நின்ற இடத்திலிருந்து பலகைவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். பத்து விமர்சனம் படிப்பதைவிட இது உபயோகம்.

நோ-ஸ்பின்னுக்கு?

ஒல்லியான, நீளமான, முதுகு வழவழப்பான கத்தி. ஆள்காட்டி விரல் வழுக்கும் பாதையில் துளை, பள்ளம், கயிறு, எழுத்துப் பொறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. பேலன்ஸ் நடுவிலிருந்து கொஞ்சம் முனைப்பக்கம் இருந்தால் நல்லது. வால் பக்கம் லேசாக இருந்தால் விரல் கடைசியில் கொடுக்கும் அழுத்தம் நன்றாக எடுபடும். எடை 200 முதல் 250 கிராம் போதும். யூரி ஃபெதின் போன்ற ரஷ்ய ஆசிரியர்களின் வழியில் வந்தவர்கள் இதற்கென்றே குறுகலான வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

அகலமான கத்தியில் நோ-ஸ்பின் வராது என்று இல்லை. கைப்பிடியின் விளிம்பு சதுரமாக, வெட்டு மாதிரி இருந்தால் விரல் தோல் உரியும், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: சில போட்டிகளில் நோ-ஸ்பின் தனிப் பிரிவு, சிலவற்றில் பொதுப் பிரிவிலேயே சேர்ந்துவிடும், சுற்று எண்ணிக்கை கேட்கும் போட்டியில் அது செல்லாமலே போகலாம். பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

எந்த எஃகு?

சமையலறைக் கத்திக்கு எது நல்லதோ அது இங்கே கெட்டது. கூர்மை நிற்க வேண்டும் என்று கடினமாக்கிய எஃகு, தட்டையாகப் போய் மரத்தில் மோதினாலோ இன்னொரு கத்தியின் மேல் விழுந்தாலோ முனை தெறித்துவிடும். எறிகத்திக்கு வளைந்து கொடுக்கும் எஃகுதான் வேண்டும், அதாவது ஸ்பிரிங் ஸ்டீல். 1055, 1075, 5160, ஐரோப்பாவில் 50சிஆர்வி4 என்ற பெயர்களைப் பார்த்தால் தைரியமாக வாங்கலாம். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 45 முதல் 50 வரை போதும். முனை வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம், உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

துருப்பிடிக்காத 420 வகையும் பரவலாக இருக்கிறது. கொஞ்சம் மென்மை, முனை அடிக்கடி மடங்கும், ஆனால் கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் துருத் தொல்லை இல்லை. கார்பன் எஃகு என்றால் எறிந்து முடித்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். ஈர மரத்தில் எறிந்துவிட்டு அப்படியே உறையில் போட்டால் மறுநாள் காலையில் செம்புள்ளி தெரியும்.

விளம்பரத்தில் "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் போட்டு எண் எதுவும் தராமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

விளிம்பைத் தீட்டலாமா?

வேண்டாம். குத்துவது முனைதான், விளிம்புக்கு அங்கே வேலையே இல்லை. தீட்டிய விளிம்பு உங்கள் விரலையும் பக்கத்தில் குத்தி நிற்கும் கத்தியையும்தான் வெட்டும். அலகைப் பிடித்து எறிபவருக்குச் சொல்லவே வேண்டாம்.

முனையும் ஊசி மாதிரி இருக்கத் தேவையில்லை. ஊசி முனை முதல் நாளே மடங்கும். கொஞ்சம் அகன்ற, ஈட்டி இலை வடிவ முனை நன்றாக இறங்கும், பல மாதம் தாங்கும்.

மரக் கைப்பிடி, கயிறு சுற்றியது, வெறும் இரும்பு: எது?

வெறும் இரும்பு. ஒரே துண்டாக வெட்டிய கத்தி. மரமோ பிளாஸ்டிக்கோ ஒட்டி ஆணி அடித்த கைப்பிடி நாலு நாளில் ஆட ஆரம்பிக்கும். மூன்று மூன்றாக எறியும் விளையாட்டு இது. நன்றாக எறியத் தொடங்கியதும் உங்கள் இரண்டாவது கத்தி முதல் கத்தியின் கைப்பிடியில்தான் போய் இறங்கும். அது இரும்பாக இருந்தால் ஒரு கீறலோடு போய்விடும்.

கயிறு சுற்றிய கைப்பிடி குளிர் நாட்டில் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் வியர்வை பட்டால் ஒட்டும், கழலும் நேரம் மாறும். கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் ட்ரூ ஃப்ளைட் த்ரோவர் 12 அங்குலம், 1055 கார்பன் எஃகு, கயிற்றுக் கைப்பிடியோடு வருகிறது. அந்தக் கயிற்றை உருவி எறிந்துவிட்டுப் பயன்படுத்துபவர்கள் ஏராளம். கயிறு போனதும் எடையும் பேலன்ஸும் கொஞ்சம் மாறும், அதை மறக்காதீர்கள். பாதி செட்டில் மட்டும் உருவுவது மோசமான யோசனை.

எத்தனை வாங்க வேண்டும்?

குறைந்தது மூன்று, வசதி இருந்தால் ஆறு. எல்லாம் ஒரே வகை, முடிந்தால் ஒரே சமயத்தில் வாங்கியது. விலை கூடிய ஒரே ஒரு கத்தியைவிடச் சுமாரான மூன்று எவ்வளவோ மேல். ஒவ்வொரு எறிக்கும் நடந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தால் கை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மூன்றை அடுத்தடுத்து எறியும்போதுதான் முதல் எறியின் பிழையை இரண்டாவதில் திருத்த முடியும்.

உபரியாக இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்வதற்கும் காரணம் உண்டு. உங்களுக்குப் பழகிய மாடலைத் தயாரிப்பாளர் திடீரென்று நிறுத்திவிடுவார், அல்லது அதே பெயரில் தடிமனைக் குறைத்து விற்பார்.

ஆன்லைனில் ஆறு கத்தி மலிவாகக் கிடைக்கிறதே, ஜப்பானிய நிஞ்ஜாக்களின் குனாய் மாதிரி வளையம் வைத்தது?

படம் நன்றாக இருக்கும். 15 முதல் 18 செ.மீ., 2 அல்லது 3 மி.மீ. தகடு, ஒவ்வொன்றும் நூறு கிராம்கூட இராது, கறுப்புப் பெயிண்ட். சுழற்சி வேகம் அதிகம், எடை இல்லை, அதனால் மரத்திலிருந்து துள்ளித் திரும்பி வரும் கத்திகள் பெரும்பாலும் இவைதான். போட்டிக்கும் நீளம் போதாது. பலர் இதை வாங்கி, குத்தவே மாட்டேன் என்கிறது, எனக்கு இது வராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கோளாறு அவர்கள் கையில் இல்லை.

ஜப்பானிய போ-ஷுரிகென் வைத்துப் போட்டியில் எறியலாமா?

போ-ஷுரிகென் என்பது கையால் எறியும் நேரான இரும்புக் கம்பி முள். அது தனிக் கலை, அதற்கு ஜப்பானில் தனிப் பள்ளிகளே உண்டு. ஆனால் பெரும்பாலானவை 23 செ.மீ.யைத் தொடாது, அதனால் கத்திப் பிரிவில் இடமில்லை. நோ-ஸ்பின் பழக அவை நல்ல ஆசான், அதை மறுக்கவில்லை.

வளரி வீசிப் பழகியிருக்கிறேன், அது உதவுமா?

தோள் பலத்துக்கு உதவலாம். வளரி படுக்கைவாட்டில் சுழன்று போகும், கத்தி மேலிருந்து கீழாகச் சுழன்று போகும். விடும் நேரமும் மணிக்கட்டு வேலையும் வேறு வேறு. பழைய பழக்கம் முதல் சில வாரம் குறுக்கே வரும், பக்கவாட்டில் சாய்ந்து குத்தும் கத்திகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

புதுக் கத்தி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

எறிவதற்கு முன் விரல் நுனியால் விளிம்பு முழுக்க மெதுவாகத் தடவுங்கள். லேசரில் வெட்டிய கத்திகளில் பிசிறு இருக்கும், அரத்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் தராசு. மூன்றுக்கும் இடையே ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கனமானதைக் கைப்பிடி, முனை இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ராவிச் சமப்படுத்தலாம், அல்லது கடைக்குத் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அடையாளம் போட்டுவிடுங்கள். போட்டியில் ஒரே மாடல் வைத்திருப்பவர் நாலு பேர் வருவார்கள்.

பிறகு தூரம் கண்டுபிடிப்பது. சுத்தியல் பிடியில் பிடித்து, வேகம் கூட்டாமல், 3 மீட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். கத்தி குத்தி நிற்கும் கோணத்தைப் பாருங்கள். கைப்பிடி மேலே தூக்கி, முனை கீழே பார்த்தால் அதிகமாகச் சுழன்றிருக்கிறது, அரையடி முன்னால் வாருங்கள். கைப்பிடி கீழே தொங்கி முனை மேலே பார்த்தால் சுழற்சி போதவில்லை, அரையடி பின்னால் போங்கள். அலகைப் பிடித்து எறிந்தாலும் இதே கணக்குதான். இடத்தை மாற்றுங்கள், கை வீச்சை மாற்றாதீர்கள். வீச்சு ஒரே மாதிரி ஆன பிறகு உங்கள் தூரம் தானாக நிலைத்துவிடும், அதைத் தரையில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் செய்து வாங்கலாமா?

ஜீப் அல்லது லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல மூலப்பொருள்தான், ஸ்பிரிங் ஸ்டீல் தேடி அலைய வேண்டாம். இரண்டு விஷயத்தைப் பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அரிவாளுக்குப் போடுகிற மாதிரி கடினமாகத் துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) போட வேண்டாம், முனை தெறிக்கும். மூன்றும் ஒரே அச்சில், ஒரே எடையில் வர வேண்டும். அட்டையில் வெட்டிய வடிவம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் முதல் சில எறிகளைத் தள்ளி நின்றே பாருங்கள். பட்டறைக்குப் போகும் முன் சட்டம் பற்றிய அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

சட்டப்படி வைத்திருக்கலாமா?

இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் போன்றவற்றுக்கானவை தவிர, ஆயுத வகையில் சேர்க்கின்றன. 2 அங்குலம் என்றால் 5.1 செ.மீ. அதாவது ஐரோப்பிய விதி அனுமதிக்கும் 6 செ.மீ. அகலக் கத்தி இங்கே கோட்டைத் தாண்டிவிடும். ஒரே துண்டான எறிகத்தியில் அலகு எங்கே முடிகிறது, கைப்பிடி எங்கே தொடங்குகிறது என்பதே வாதத்துக்குரிய விஷயம். ஒல்லியானதை வாங்குங்கள், உங்கள் பகுதியில் உரிமம் தேவையா என்று வழக்கறிஞரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டுவிடுங்கள்.

பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கத்தி விற்கக் கூடாது, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் எடுத்துப் போவதும் குற்றம். கிளப்புக்குப் போகும் நாளில் மூடிய பையில் போகட்டும், மற்ற நாளில் காரில் விட்டுவைக்காதீர்கள். ஜெர்மனியில் 12 செ.மீ.க்கு மேல் அலகுள்ள நிலையான கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு; பூட்டிய பெட்டியில் கொண்டுபோவதுதான் வழக்கம். எறி நட்சத்திரங்கள் பிரிட்டன், ஜெர்மனி, கனடா மூன்றிலுமே தடை, அதைக் கத்தியோடு சேர்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்குப் பையில் மட்டும்தான்.

இலக்குக்கு எந்த மரம்?

மென்மரத்தின் குறுக்குவெட்டு வட்டு. முனை நார்களுக்கு நடுவே புகுந்து நிற்கும், பிடுங்கியதும் மரம் ஓரளவு மூடிக்கொள்ளும். ஐரோப்பாவில் பாப்லர், ஸ்புரூஸ், அமெரிக்காவில் காட்டன்வுட். நம் ஊரில் தீக்குச்சிக்குப் போகும் இலவம் மாதிரி மென்மையான மரமாகப் பாருங்கள். தென்னந்துண்டு கையருகே கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள், வெளிவட்டம் கல் மாதிரி, கத்தி திரும்பி வரும். பலகையைப் படுக்கவைத்து ஆணி அடிப்பதும் அவ்வளவு நல்லதல்ல, சீக்கிரம் பிளந்துவிடும். வட்டு காய்ந்தால் முந்தின நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வையுங்கள். உயிரோடு நிற்கும் மரத்தில் எறிய வேண்டாம்.

துள்ளும் கத்தி எறிந்தவரை நோக்கித்தான் வரும். செருப்பு போதாது, மூடிய ஷூ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர் எறிபவருக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி. எல்லோரும் எறிந்து முடித்த பிறகுதான் யாரும் பலகைப் பக்கம் போக வேண்டும்.

பழைய செட்டிலிருந்து புதியதுக்கு எப்போது மாறுவது?

போட்டிக்கு முந்தின வாரம் மாறாதீர்கள், அவ்வளவுதான் முக்கியம். மாறும் காலத்தில் இரண்டையும் கலந்து எறியவும் வேண்டாம். 20 கிராம் வித்தியாசமும் 2 செ.மீ. நீளமும் கைக்கு உடனே தெரிந்துவிடும், எந்தக் கத்தியின் தூரத்துக்குப் பழகுகிறோம் என்று கைக்கே குழப்பம் வரும். பழையதை எண்ணெய் போட்டு எடுத்து வைத்துவிட்டு, புதியதின் தூரங்களை எல்லாக் கோட்டிலும் குறித்த பிறகு போட்டிக்குப் பெயர் கொடுங்கள். போகும்போது பையில் ஒரு சின்ன அரம் இருக்கட்டும். மதியத்துக்குள் ஏதாவது ஒரு முனை மடங்கியிருக்கும், கைப்பிடியில் பிசிறு எழும்பியிருக்கும், பக்கத்துக்காரரும் அதையேதான் கடன் கேட்பார்.